நான்கு விரற்கடை

அன்று தாளாளர் அறையில் இருந்தவர்கள்:

தாளாளர் நாகலிங்கம். பள்ளிக்கூடம் அவருடைய அப்பா கட்டியது.

சங்கரபாண்டி அண்ணாச்சி, மங்கை டிஜிட்டல்ஸ் முதலாளி. பள்ளிக்கு வேண்டிய படம், பேனர், அடையாள அட்டை எல்லாம் அவர் கடையில்தான்.

தர்ஷினி. 'கைராசி' மென்பொருள் கம்பெனிக்காரி. கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

முத்துப்பேச்சி. எட்டாம் வகுப்பு பவதாரணியின் அம்மா.

வேல்ராஜ். மங்கை டிஜிட்டல்ஸில் பத்தொன்பது வருடமாக டிசைனர்.

ஆறாவதாக ஒரு பெண், படத்தில். அவளை அப்போது யாரும் எண்ணவில்லை.

கூட்டம் எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பள்ளி வாசலில் ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். 'எங்கள் தோட்டத்து மலர்கள்' என்று தலைப்பு. முந்நூற்று எண்பத்தாறு பிள்ளைகளின் படங்கள். ஒவ்வொரு படத்தையும் சுற்றி ஒரு பூச்சட்டம். பூ எல்லாருக்கும் ஒன்றுதான், நிறம்தான் வேறு. சிலருக்குத் தங்கம், சிலருக்கு ரோஸ், சிலருக்குச் செங்கல் நிறம். எந்தப் பிள்ளைக்கு எந்த நிறம் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. படங்களைக் கைராசியில் கொட்டினார்கள். பதினோரு நிமிடத்தில் அது அத்தனை பூக்களுக்கும் நிறம் மாற்றிக் கொடுத்துவிட்டது.

பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டே நாள்தான் ஆயிற்று. மூன்றாம் நாள் சத்துணவு வரிசையில், "செங்கல் எல்லாம் அந்தப் பக்கம் போ" என்று ஒரு குரல் கேட்டது. செங்கல் நிறம் விழுந்த எழுபத்தொரு பிள்ளைகளும் ரோட்டுக்குத் தெற்கே, காலனியிலிருந்து வருகிறவர்கள். தப்பு, எழுபது என்று சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் காலனி இல்லை.

பவதாரணி, சாக்லேட் சுற்றி வந்த தங்கத் தாளை நகத்தால் நீவி, பூப்பூவாக வெட்டி, தன் படத்தின் சட்டத்தின்மேல் ஒட்டினாள். மறுநாள் யாரோ அதைப் பிய்த்து அவள் டிபன் பாக்ஸுக்குள் போட்டிருந்தார்கள். அதன்பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. முத்துப்பேச்சி முறையிட ஒன்பது நாள் பள்ளிக்கு நடந்தாள். ஒன்பது நாளும் தாளாளர் வெளியூரில் இருந்தார்.

பத்தாவது நாள் அந்த எழுபத்தோராவது பிள்ளை யார் என்று தெரிந்தது. தாளாளரின் பேரன், இரண்டாம் வகுப்பு. அன்றே தாளாளர் ஊர் திரும்பினார். கூட்டமும் போட்டார்.

"மிஷின் பண்ணுன தப்புக்கு நாங்க என்ன செய்ய?" என்றார் சங்கரபாண்டி அண்ணாச்சி. "எங்க வேலு இருக்கான். பத்தொம்பது வருசமா எங்கூட இருக்கான். ஒருத்தரு மனசு நோக ஒரு கோடு இழுத்திருக்க மாட்டான். நம்ம பய."

வேல்ராஜ் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்து நாலு வயது. அண்ணாச்சிக்கு இன்னமும் பய. அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. முன்னால் ஒட்டியிருந்த 'நம்ம' என்ற சொல்லுக்காக அவன் எதையும் பொறுத்துக்கொள்வான்.

"மிஷின் தானா பண்ணலீங்க," என்றாள் தர்ஷினி. "கைராசி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன். ஒரு டிசைனர் வேலை செய்யறதை அது பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கும். ஒரு படத்துக்கு பூ போடறாரு, மாலை போடறாரு, அதோட கலரை மாத்தறாரு. ஏன் மாத்தறாருன்னு அதுக்குத் தெரியாது. ஆனா எந்தப் படத்துக்கு எந்தக் கலருன்னு பாத்துட்டே வரும். ஆயிரக்கணக்குல பாத்தப்புறம் அவரு இல்லாமயே அவரு மாதிரி போடும். அதைத்தான் கைன்னு சொல்றோம். நல்ல கையா இருந்தா மத்த கடைக்காரங்களும் கேட்டு வாங்கிக்குவாங்க. உங்க பலகைக்குப் போட்டது வேல்ராஜ் கை."

அந்தப் பெயர் கைராசியின் மெனுவில் வந்த நாளில் வேல்ராஜ் கடைக்கே மிட்டாய் வாங்கி வந்திருந்தான். கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்கள் தன் கையைக் கேட்டிருக்கிறார்கள் என்று மனைவி கஸ்தூரியிடம் நான்கு தடவை சொன்னான். இப்போது நூற்று நாற்பது கடைகளில் அந்தக் கை வேலை செய்துகொண்டிருந்தது.

"அப்ப இவன்தான் எம் பேரனுக்குச் செங்கல் போட்டானா?" என்றார் தாளாளர்.

"கொஞ்சம் பொறுங்க சார். புகார் வந்ததுமே பாக்க ஆரம்பிச்சேன். அது எதைப் பாத்துப் போடுதுன்னு கண்டுபிடிக்க எனக்கே நாலு நாள் ஆச்சு." அவள் லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினாள். "முதல்ல மூஞ்சியை மறைச்சுப் பாத்தேன். அதே கலர்தான் வந்துச்சு. தோல் நிறத்தை மாத்தினேன், பேரு, முகவரி எல்லாத்தையும் அழிச்சேன். அப்பவும் அதேதான். கடைசியில பிள்ளைங்களையே கறுப்பு நிழலாக்கிட்டேன். நாற்காலியும் நிழலும் மட்டும். அப்பவும் எழுபத்தொண்ணும் செங்கல்."

"நாக்காலியா?" என்றார் அண்ணாச்சி.

"முதுகுக்கும் நாற்காலி சாய்மானத்துக்கும் நடுவுல இருக்கற இடம்ங்க. நாலு விரற்கடைக்கு மேல இருந்தா செங்கல். சாஞ்சு உக்காந்திருந்தா தங்கம், ரோஸ். அவ்வளவுதான்."



"எம் பேரனுக்கு முதுகுல கொப்புளம்," என்றார் தாளாளர், மெதுவாக. "சாய முடியாதுன்னு அழுதான் அன்னைக்கு."

"அதான் சார்."

வேல்ராஜுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. நாற்காலியாம். நாற்காலியைப் பற்றி அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. அப்படியானால் தப்பு அவனுடையது இல்லை. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. படமும் அவனே எடுக்கிற கடை ஸ்டுடியோவில் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "உக்காருங்க" என்று சொல்லி, எதிரே இருப்பவர் உட்கார்கிற அந்த நொடியில் தனக்கு எல்லாம் தெரிந்துவிடுவது அவனுக்கு நினைவு வந்தது. எப்படித் தெரிகிறது என்று அவன் தன்னையே கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவனுக்குக் காரணம் இருந்தது.

செங்கல் நிறம் வந்த கதை பெரிய கதை இல்லை. பதினேழு வருடத்துக்கு முன்னால் பெரிய முக்கில் இரண்டு சடங்கு வீட்டுப் பேனர் எதிரெதிரே கட்டினார்கள். ஒன்று மேலத்தெரு வீடு. இன்னொன்று காலனி வீடு. இரண்டுக்கும் வேல்ராஜ் ஒரே தங்கப் பூச்சட்டம் போட்டிருந்தான். விடிந்தபோது காலனிப் பேனரைக் கிழித்திருந்தார்கள். கடைக்கு வந்து, "எங்க வீட்டுப் பிள்ளைக்கும் அவளுக்கும் ஒரே பூவா, லே?" என்று மானிட்டரை உடைத்தார்கள். அண்ணாச்சி அன்றைக்கு ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஆளப் பாத்துக் கலரப் போடு, வேலு." அதன்பிறகு சண்டை வரவில்லை. காலனிப் படங்களுக்கு அவன் பூவின் நிறத்தைத் தங்கத்திலிருந்து கீழே இழுத்து, மங்கிய செம்மையில் நிறுத்துவான். கறுத்த முகத்துக்கு அதுதான் எடுப்பு என்று கேட்டவர்களிடம் சொல்வான். நாளடைவில் தன்னிடமும் அப்படியே சொல்லிக்கொண்டான்.

"இது நம்ம பலகையோட நிக்கலீங்க," என்றாள் தர்ஷினி. அவள் குரல் இறங்கியிருந்தது. "இந்தக் கையில மாசம் நாலாயிரம் படம் சும்மாவே ஓடுது. யாரும் பிரிண்ட் எடுக்கறதில்ல, சேமிக்கறதும் இல்ல. போட்டுப் பாக்கறாங்க, கலரைப் பாத்துட்டு மூடிடறாங்க. யாருன்னு தேடினேன். கல்யாணத் தரகருங்க. வீடு வாடகைக்கு விடறவங்க. 'கையில ஓட்டிப் பாத்தாச்சா'ன்னு கேட்டுக்கறாங்களாம்."

"அப்ப அந்தக் கைய எடுத்துருங்க," என்றாள் முத்துப்பேச்சி. அதுவரை அவள் பேசவில்லை. அறையில் எல்லாரையும்விட வசதியாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "எடுத்துட்டு எம்மவள வரச்சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"நான் சொன்னா எடுக்க மாட்டாங்கக்கா. ஒப்பந்தத்துல இதுக்குப் பேரு ரசனை. ஒருத்தருக்குச் செங்கல் நிறம் பிடிக்குது, அதுக்கு நாம என்ன செய்யன்னுதான் எங்காளுங்க கேப்பாங்க. கைக்குச் சொந்தக்காரரே, நான் இன்னாரு இன்னாருன்னு தெரிஞ்சுதான் பிரிச்சுப் போட்டேன், இப்படித்தான் தெரிஞ்சுதுன்னு காரணத்தோட எழுதிக் கையெழுத்துப் போட்டா, எல்லாக் கடையிலயும் அன்னைக்கே நின்னுடும்." அவள் வேல்ராஜைப் பார்த்தாள். "சார்தான் சொல்லணும்."

எல்லாரும் பார்த்தார்கள். வேல்ராஜ் தொண்டையைச் செருமினான்.

"கஸ்டமர் கேட்ட கலரு. நான் யாரையும் பிரிக்கல."

"சொன்னேம்லா," என்றார் அண்ணாச்சி.

தர்ஷினி விடவில்லை. கோபக்காரியாகத் தெரியவில்லை, ஆனால் வேலையைப் பாதியில் விடத் தெரியாதவள். "சார், அது முதல்ல படிச்ச படம்னு ஒண்ணு இருக்கும். ஆறு வருசம் முன்ன, கடையில கைராசி போட்ட முதல் நாளு. இதுதான்."

திரையில் ஒரு பெண். பட்டுக்கரைச் சேலை, மூக்குத்தி, பின்னால் நீலத் திரை, கழுத்தைச் சுற்றிச் சந்தன மாலை. எல்லாம் மேலே ஒட்டியவை. தர்ஷினி ஒவ்வொன்றாக நீக்கினாள். மாலை போனது. மூக்குத்தி போனது. பட்டுக்கரை போய் நைந்த பருத்திச் சேலை வந்தது. திரை போய்ப் பூச்சு உதிர்ந்த மண்சுவர் வந்தது. இரும்பு நாற்காலியின் நுனியில், எப்போது எழுந்திருக்கச் சொல்வார்களோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஒரு படத்துக்கு பூச்சட்டத்தை நாப்பத்தொரு தடவை மாத்தியிருக்கீங்க. தங்கம் போடறீங்க, உடனே செங்கலுக்குப் போறீங்க. மறுபடி தங்கம், மறுபடி செங்கல். கடைசியில தங்கத்துல விட்டுட்டீங்க. சாதாரணமாப் போடறதைவிட கை தயங்கற இடத்தைத்தான் அது ஆழமாப் படிக்கும். சேலை மாறிடுச்சு, செவுரு மாறிடுச்சு, நகை வந்துடுச்சு, ஆனாலும் கை தயங்குது. அப்ப மாறாம இருக்கறது எதுன்னு அது தேடியிருக்கு. உக்காந்திருக்கற விதம் ஒண்ணுதான் மாறல. நகையைப் பாத்து ஏமாறக் கூடாதுன்னு அதுக்கு இந்தப் படத்துலதான் நீங்க கத்துக்குடுத்திருக்கீங்க."

வேல்ராஜுக்குக் காது இரண்டும் எரிந்தன. அறையில் எல்லார் முன்னாலும் தன் அம்மாவின் சேலையை யாரோ உருவிவிட்டது போலிருந்தது. உருவியவள் தர்ஷினி இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

"ஏம்மா, அதை மூடு," என்றார் அண்ணாச்சி. "அது இவன் தாயாரு. காலமாகிப் பதினாறு வருசமாச்சு. வீட்டுல மாட்டுததுக்குச் செஞ்ச படம். செத்தவுகளப் போயி…"

முத்துப்பேச்சி மட்டும் நிமிர்ந்து முன்னால் குனிந்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு வேல்ராஜைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திருப்பினான்.

"எப்படித் தவறுனாவ?" என்றாள்.

"சக்கர வியாதி."

"ஓ," என்றாள் முத்துப்பேச்சி. "சரி." பழையபடி சாய்ந்துகொண்டாள்.

டீ வந்தது. தாளாளர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். வேல்ராஜ் வெளியே வந்தான். பள்ளி மைதானத்து ஓரம் குடிநீர்க் குழாய்கள். முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் முத்துப்பேச்சி டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பூவம்மா சித்தி செத்துப் பதினாறு வருசமாய்யா?"

தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது.

"எனக்குப் பொறந்த ஊரு கீழப்புதூரு. போன செவ்வாக்கெழம போயிருந்தேன். கம்மாயில எங்கம்மாவும் அவளும் சேந்துதான் மண்ணு அள்ளிக்கிட்டு இருந்தாவ. செத்தவ மாதிரி தெரியல. பல்லுதான் ரெண்டு போயிருக்கு."

"உள்ள ஏன் சொல்லல?" என்றான்.

"நான் எதுக்குச் சொல்லணும்? எம்மவ யாருன்னு ஊருக்கே ஒரு பூவப் போட்டுச் சொல்லிட்டீரேன்னுதான் பத்து நாளா அலையுதேன். உம்ம யாருன்னு நான் போயிச் சொல்லவா? அப்புறம் உமக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை அதிகம் போல, முகத்தைச் சுளித்தாள்.

"என்னயப் பத்தி… ஏதாவது சொல்லுமா?"

"மெட்ராசுல பெரிய வேலை, லீவு கெடைக்கலன்னு சொல்லுவா. பதினாறு வருசமா லீவு குடுக்காத கம்பெனி எந்தக் கம்பெனிடின்னு எங்கம்மா கேலி பேசுவா. அதுக்கும் சிரிப்பா. அவளுக்குத் தெரியாதாக்கும்? முப்பது மைலு. பஸ்ஸுல நீரு தலையக் கவுந்துக்கிட்டுப் போனத ஒருநா பாத்திருக்கா. எங்கம்மாகிட்டக் கூடச் சொல்லல. எங்கிட்டத்தான் சொன்னா, ஏனோ."

எட்டு வருடத்துக்கு முன்னால். ரேஷன் கடை வரிசையில் அம்மா நின்றாள். பஸ் அங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியாது. குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்வது போல, பஸ் கிளம்பும்வரை குனிந்தே இருந்தான். செருப்புக்கு வாரே கிடையாது.

"இன்னொண்ணு கேளும்," என்றாள் முத்துப்பேச்சி. "எம்மவ ஏன் நுனியில உக்காந்தா தெரியுமா? முந்தின நாளு தேச்சு வச்ச யூனிபாரம். கசங்கிப்போவும், சாயாதடின்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன். மத்த பிள்ளைக எதுக்கு உக்காந்துச்சோ எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். நீரு இப்ப உள்ள எப்படி உக்காந்திருந்தீருன்னு கொஞ்சம் நெனச்சுப் பாரும்."

காலி கிளாஸைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அவனுக்கு நினைக்க வேண்டியிருக்கவில்லை. தொடைகளுக்குக் கீழே நாற்காலியின் விளிம்பு பதிந்த தடம் இன்னமும் வலித்துக்கொண்டிருந்தது. நல்ல சட்டை, மேலத்தெருவில் வீடு, நெற்றியில் திருநீறு, 'நம்ம பய'. மேலே எத்தனையோ ஒட்டியாயிற்று. முதுகு மட்டும் பத்தொன்பது வருடமாக எந்த நாற்காலியையும் நம்பியதில்லை.

உள்ளே போய், "பேப்பர் குடும்மா" என்றான்.

எழுதுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. 'காலனி ஆட்கள் யார் என்று தெரிந்தே அவர்கள் படங்களுக்குச் செங்கல் நிறம் போட்டேன். அவர்கள் நாற்காலியில் உட்காரும் விதத்தை வைத்துக் கண்டுகொண்டேன். நானும் அப்படித்தான் உட்காருவேன். நான் கீழப்புதூர் காலனி. முதல் படத்தில் இருப்பது என் அம்மா பூவம்மாள். உயிரோடு இருக்கிறார்.'

தர்ஷினி படித்தாள். "கடைசி ரெண்டு வரி வேண்டியதில்லீங்க சார்," என்றாள் மெதுவாக. "அது இல்லாமயே எடுத்துடலாம்."

"இருக்கட்டும்."

அண்ணாச்சி கையை நீட்டி வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். தாளை மேசையில் வைத்தபோது, வேல்ராஜ் பக்கம் தள்ளாமல் நடுவில் வைத்தார். வேல்ராஜ் அவர் வீட்டு அடுப்படிவரை போய் வந்தவன். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன். அதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போவதை அவன் பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் திட்டவில்லை.

"கடைச் சாவி உங்ககிட்டதான இருக்கு?" என்றார். "அதக் குடுத்திருங்க."

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் அவனுக்கு மரியாதை கொடுத்தார்.

வேல்ராஜ் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். அவன் கையை எடுக்கும்வரை அண்ணாச்சி காத்திருந்தார்.

"அப்ப எம் பேரனுக்குச் சட்டத்த மாத்திருவீங்கள்லா?" என்றார் தாளாளர்.

"பலகையவே எறக்குங்க சார்," என்றாள் முத்துப்பேச்சி. "எல்லாப் பூவும் வாடிப்போச்சு."

தர்ஷினி லேப்டாப்பை மூடினாள். "சாயங்காலத்துக்குள்ள கை எடுத்துடுவாங்க. ஆனா சார்…" அவளுக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தது. "உங்க கையைப் பாத்துக் கத்துக்கிட்ட மத்த கைங்க இருபத்திரண்டு இருக்கு. வேற வேற பேருல. அதுக்கெல்லாம் அந்தந்த ஆளுங்கதான் எழுதித் தரணும்."

வேல்ராஜ் தலையை ஆட்டினான். அதில் எத்தனை பேர் எழுதிக் கொடுப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு தான் என்ன சொன்னான் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. வெள்ளிக்கிழமை. கஸ்தூரி தையல் மிஷினை ஒதுக்கி வைத்துவிட்டுப் படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தாள். வாராவாரம் போடுவாள். வருடத்துக்கு மூன்று பெரிய அமாவாசைக்கும் விரதமிருந்து, ஏழு காய் சமைத்து, இலை போட்டுப் படைத்து, மொட்டை மாடியில் காக்காய்க்குச் சோறு வைப்பாள். செத்த நாள் எது என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டபோது, வேல்ராஜ் காலண்டரைப் பார்த்து ஒரு தை அமாவாசையைச் சொன்னான். நினைவு வைத்துக்கொள்ள வசதி. பிள்ளை இல்லை என்று டாக்டர்கள் கைவிட்டபோதும் அவள் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்று அழுதாள். படம் மங்கிவிட்டது, பத்தாம் வருடத் திதிக்குப் பெரிதாகப் போட வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். அதைத்தான் அவன் கைராசியில் முதல் நாள் செய்தான்.

"சீக்கிரம் வந்துட்டீக?" என்றாள் திரும்பாமல். "மீட்டிங்கு என்னாச்சு? மிஷின் தப்புன்னு ஒத்துக்கிட்டாகளா?"

வேல்ராஜ் வாசல்படியைத் தாண்டி ஒரு அடி வைத்து நின்றுகொண்டான். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நினைத்தான். நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். நாற்காலி, செங்கல், பவதாரணி, பேனர், கடிதம், சாவி. எந்தத் தெருவில் பிறந்தான் என்பது. கடைசியில்தான் அம்மாவைச் சொன்னான்.

கஸ்தூரியின் கையில் மிச்சமிருந்த பூச்சரம் அப்படியே இருந்தது.

"உசுரோட இருக்காகளா?"

"இருக்கா."

அவன் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தான். காலனியா என்று கேட்பாள், எங்க அப்பா அம்மாவிடம் நான் என்ன சொல்ல என்று கேட்பாள், வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிந்தால் என்று கேட்பாள். பதினாறு வருடமாக அந்தக் கேள்விகளுக்கு அவன் பதில் தயாரித்து வைத்திருந்தான். சில நல்ல பதில்கள் கூட.

அவள் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அன்றைக்குப் போட்ட பூவை எடுத்தாள். சட்டத்தில் ஒட்டியிருந்த போன வாரத்துக் காய்ந்த இதழ்களை விரலால் சுரண்டினாள். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். படத்தில் இருந்தவள் பட்டுக்கரையும் மூக்குத்தியுமாக, நாற்காலி நுனியில், தங்கப் பூவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவுக மூக்குக் குத்தியிருக்காகளா?"

"இல்ல."

"அதுவும் பொய்யா," என்றாள், கணக்கில் சேர்த்துக்கொள்வது போல.

இறங்கி வந்து படத்தை அவன் கையில் கொடுத்தாள். வாங்குவதற்காக அவன் ஒரு அடி பின்னால் போக வேண்டியிருந்தது. படி தட்டியது. வெளியே நின்றான்.

"வருசத்துக்கு மூணு. பதினாறு வருசம். நாப்பத்தெட்டு தடவை உசுரோட இருக்கவுகளுக்குக் காக்காய்க்குச் சோறு வச்சிருக்கேன். ஒரு தடவை காக்கா வரலன்னு பட்டினி கெடந்திருக்கேன், மாமியாருக்கு என்ன கோவமோன்னு." அவள் குரல் உயரவில்லை. "போயி அவுக சாப்ட்டாகளான்னு கேட்டுட்டு வாங்க."

"கஸ்தூரி, இன்னைக்கே…"

"கேட்டுட்டு வாங்க."

எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். வேல்ராஜ் படத்தைத் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். முகம் உள்பக்கம், அட்டை வெளிப்பக்கம். அந்த நேரத்திலும் கை அதைத்தான் செய்தது. அதைப் பார்த்தபின் ஒரு நிமிடம் நின்று, படத்தைத் தெருப் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

பின்னால் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அதன்பிறகு, வழக்கமாக இருவரும் சேர்ந்து ஊருக்குப் போகும்போது மட்டும் வெளிப்பக்கம் போடுகிற பெரிய பூட்டுக்குள் சாவி இரண்டு முறை திரும்பியது.